இறக்கம்

என் அறை இரண்டாம் மாடியில். லிஃப்ட் பழுதாகி ஏழு மாதம்.
எல் ஆல்டோவுக்குப் புதிதாய் வந்தவர்களைப்
படியில் கேட்கும் மூச்சை வைத்தே சொல்லிவிடுவேன்.
ஜெல் டப்பாவைப் பாவாடை மடிப்பில் வைத்துச் சூடாக்குவேன்,
விதிப்புத்தகத்தில் அது கிடையாது.

காலையில் ஹெர்மோஹெனா சோக்கே.
ஐந்தாவது பிள்ளை.
கிழங்கு மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு வந்து படுத்தாள்.
அடிவயிற்றின் ஓரம் கருவியைச் சாய்த்தேன்,
ஒரு தமனி இன்னொன்றைத் தாண்டும் இடம்,
அங்கேதான் காது கொடுக்க வேண்டும்.
மதகு திறந்த சத்தம்.
திரையில் அலை ஏறி, அவசரமில்லாமல் இறங்கியது.
‘முடிஞ்சுதா? கிழங்கை எவனாவது தூக்கிடுவான்’ என்றாள்.

பதினொரு மணிக்கு லிஸ்பெத் வாகா.
சாந்தா குரூஸ்காரி,
வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்கும் ஊர்.
அன்று விழுங்கியது ஊர்ப் பழக்கமா, மூச்சு போதாமலா, தெரியவில்லை.
புருஷன் எலிசேயோ கேபிள் காருக்கு எண்ணெய் போடுகிறவன்.
இருபத்தெட்டு வாரம், தலைப்பிள்ளை.

இடப்பக்கம்:
அலை ஏறியது, தொப்பென்று விழுந்தது,
விழுந்த இடத்தில் ஒரு வெட்டு,
கத்தரி தவறிப் பட்ட துணி மாதிரி.
வலப்பக்கம் திருப்பினேன். அங்கும்.

வாயும் வயிறுமானால் இந்தக் குழாய்
தன் முறுக்கை விட்டுவிட வேண்டும்.
சுவரின் தசை இளகி, குழாய் இரு மடங்காகி,
உடம்பின் ரத்தத்தில் பெரும்பங்கு ஒன்று
கேள்வி கேட்காமல் உள்ளே போக வேண்டும்.
நாலாயிரத்து நூறு மீட்டரில்
மெலிந்த காற்று சிலருக்கு அந்த முறுக்கை அவிழ்க்க விடுவதில்லை.
மூடிய கை மூடியபடி.
உள்ளே பிள்ளை
கிடைத்ததை வைத்துச் சிக்கனமாய் வளரும்.

‘அந்தம்மாவுக்கு மட்டும் எப்படி?’
வெளியே மூட்டையைத் தோளேற்றியவளைப் பார்த்துக் கேட்டாள்.
என் தெருவில் இதற்குத் தயாராய் ஒரு பதில் உண்டு,
கீழ்நாட்டுக்காரர்கள் சோம்பேறிகள் என்று.
நானும் சொல்லியிருக்கிறேன், சிரித்தும் இருக்கிறேன்.
அன்று வாயில் வரவில்லை.
இதில் எங்கள் சாமர்த்தியம் எதுவுமில்லை லிஸ்பெத்,
ஆயிரமாயிரம் வருடமாய்
குழாய் திறக்காதவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும்
இந்த மேட்டிலேயே புதைத்தோம்.
மிச்சமிருப்பவர்கள் நாங்கள்.
இதையும் சொல்லவில்லை.
பேப்பர் துண்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

டாக்டர் ஒரே வரி எழுதினார்: கீழே போகவும்.
‘மாமியார் விடமாட்டா. இங்க யாரும் பெத்துக்கலையாம்பா.’
ஜெல்லைத் தானே துடைத்தாள், இரண்டு முறை.
‘இறங்கினா திறந்துக்குமா?’
சில பேருக்கு, என்றேன்.
இவ்வளவு வாரம் ஆனபிறகு எவ்வளவு என்று தெரியாது, என்றேன்.
அது உண்மை. அதைச் சொன்னதற்காக
மத்தியானம் சோறு இறங்கவில்லை.

சாந்தா குரூஸ் பஸ் மாலை ஏழுக்கு.
நான் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே கணக்குப் போட்டேன்:
இந்நேரம் கணவாய். நள்ளிரவு தாண்டி கோச்சபாம்பா.
விடியும்போது வில்லா துனாரி,
கம்பளிக் கோட்டைக் கழற்றிச் சீட்டில் எறிவாள்.
ஏறினாளா என்பதே எனக்குத் தெரியாது.

அடுத்த புதன் பத்தரைக்கு அவள் பெயர்.
வரவில்லை.
வராத ஒருத்திக்காகச் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.
பிறகு பயந்தேன்.

சிவப்பு லைன் ஸ்டேஷனில் எலிசேயோ,
முழங்கைவரை எண்ணெய்.
என்னைத் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது அவனுக்கு.
‘அங்க ஒரே மழையாம்’ என்றான்.
வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தான்,
கதவு மூடிக்கொண்டது.

எட்டுப் பேரோடு கேபின் லா பாஸை நோக்கி இறங்கியது.
காதடைத்தது.
எச்சில் விழுங்கினேன்.