குறில், நெடில்

இரவுக்கு ஏழு மணிச் சங்கு.
பகலுக்கு ஏழேகால்.
கோல கெட்டில் கையுறை ஆலையின் பின்வாசலில்
நீ இறங்கும் பேருந்தில் நான் ஏற வேண்டும்.
நமக்கென்று இருப்பது
ஓட்டுநர் பாக்சிக் ஒரு சிகரெட்டைப் புகைத்து முடிக்கும் நேரம்.
அதற்குள் வீட்டுச் சாவி கை மாறும்.
காஸ் தீர்ந்துபோச்சு என்பாய்.
தண்ணி பில் கட்டியாச்சு என்பேன்.
இருவரும் ஒன்றாகப் பேசி
எதுவும் கேட்காமல் போன நாள்களும் உண்டு.

மூன்றாம் வரிசை, சன்னலோரம்.
நீ விட்டுப்போன சூடு ரெக்சினில் இன்னும் இருக்கும்.
ஊர் வரும்வரை அதில்தான் உட்கார்ந்து வருவேன்.

லைன் லீடர் வேலைக்கு ஆங்கிலம் வாசித்துக் காட்டவேண்டுமாம்.
மிஸ் இங் ஒரு தாள் கொடுத்தாள்.
தலைப்பு, வொர்க் லைஃப் பேலன்ஸ்.
மிஸ்டர் பிரவுன் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகிறார்.
ஐந்து மணிக்கு வீட்டில் இருக்கிறார்.
பிறகு மனைவியோடு தோட்டத்தில் உலாவுகிறார்.

இந்த வரியில் நின்றுவிட்டேன்.
தோட்டத்தில் அம்மா குனிந்து பார்த்திருக்கிறேன்,
மழைக்கு முன்னால் பால் எடுக்க
நிரை நிரையாய் ஓடிப் பார்த்திருக்கிறேன்.
உலாவிப் பார்த்ததில்லை.

வாசித்தால் கைப்பேசி மார்க் போடுகிறது.
நான் வொர்க் என்றால் அதற்கு வாக் என்று கேட்கிறது.
மிஸ்டர் பிரவுன் ஒன்பது மணிக்கு நடக்கத் தொடங்கினார்,
ஐந்து வரை நடந்தார், பாவம்.
அறுபத்தொரு விழுக்காடு.
அதுவும் பின்சீட்டு நேப்பாளத்துக்காரியின்
குறட்டையையும் சேர்த்து.

ஒருநாள் தாளை முன்சீட்டு வலைப்பையில் மறந்துவிட்டேன்.
மறுநாள் அதில் உன் பென்சில் எழுத்து.
ஹவர்ஸின் தலையெழுத்தைச் சுற்றி வட்டம் போட்டு,
'இது நிற்கும், வாய் திறக்காது. என்னை மாதிரி.'

சாவி வாங்கும்போது நீ ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
தாளை மட்டும் மறுபடி மறந்தேன்.

அடுத்து வந்தது,
'லிவ், குறில். ஒரு மாத்திரை. வாழ்வது.
லீவ், நெடில். இரண்டு மாத்திரை. விடுப்பு,
விட்டுப் போவதும் அதுதான். மாத்திவிடாதே.'
பேருந்தில் தனியாகச் சிரித்தேன்.
எம்.சி கேட்டுப் போனால் கிளினிக்கிலும்
இரண்டு மாத்திரைதான் தருகிறார்கள், கதிரேசா,
லீவ் தருவதில்லை.

பேலன்ஸ் எனக்குத் தெரிந்த சொல்.
ஐம்பது வெள்ளி நீட்டினால்
கடைக்காரர் திருப்பித் தருவது.
ஓட்டி சேர்த்துப் பன்னிரண்டு மணி,
பேருந்து இரண்டு, தூக்கம் ஆறு,
சமையலும் துணியும் மூன்று.
மிச்சத்தை எண்ணிப் பார்க்கத்
தைரியம் வரவில்லை.
அந்தச் சொல்லின் மேல் நீயும் எதுவும் எழுதவில்லை.

புதன்கிழமை மிஸ் இங் முன்னால் வாசித்தேன்.
எச்சை விழுங்கினேன்.
தோட்டத்தில் தடுக்காமல் உலாவினேன்.
கடைசி வரியில் நாக்கு நீண்டுவிட்டது.
வி வொர்க் டு லீவ்.

அவள் தாளிலிருந்து நிமிர்ந்தாள்.
எத்தனை வருஷமாய் இரவு ஷிஃப்ட் என்று
மலாயில் கேட்டாள்.
ஒன்பது என்றேன்.
எழுதிக்கொண்டாள். திருத்தவில்லை.
முடிவு அடுத்த மாதமாம்.

இன்று பாக்சிக் புகைக்கவில்லை.
நெஞ்சில் சளியாம், டாக்டர் சொல்லிவிட்டாராம்.
எஞ்சினை அணைக்காமலே உட்கார்ந்திருந்தார்.
இறங்கினாய், ஏறினேன்.
சாவி வாங்கினேனா என்பதே
பாலிங் சாலை திரும்பும்போதுதான் நினைவு வந்தது.
கையில்தான் இருந்தது.

வலைப்பையில் தாள்.
பேலன்ஸுக்கு மேலே ஒரு கேள்விக்குறி,
உன்னுடையது.

பேருந்து குலுங்கக் குலுங்க அதன் கீழே எழுதினேன்,
'எனக்கு வியாழக்கிழமை ஓய்வு.
நீயும் அன்றைக்கு லீவ் போடு.
நெடில்.'