மூன்றாவது சுற்று

பிப்ரவரி. பார்னுவில் ஆறு உறைந்து கிடந்தது.
அன்றைய மூன்றாவது தேர்வு: கஸ்பர், வயது பத்தொன்பது.
கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
கண்ணாடியை இரண்டு முறை சரிசெய்தவன்.

ஓட்டுநர் உரிமம் தருகிறவள் நான். இருபத்தாறு வருடம்.
இந்த வேலைக்கு மொத்தம் நாற்பது சொல் தேறும்:
இடது, வலது, நிறுத்து, மெதுவாக, போகலாம்.
அதை வைத்தே வீட்டுக் கடனை அடைத்திருக்கிறேன்.

"ரவுண்டானாவில் நுழை" என்றேன்.
நுழைந்தான், அழகாக.
"நுழைந்து, அந்தப் பக்கம், அந்த..."

அந்த.

அது எதுவென்று எனக்குத் தெரியும்.
இரும்பு. சாம்பல் நிறம். கீழே ஆறு.
என் தம்பி ஆர்வெட் பதினான்கு வயதில்
அதிலிருந்து குதித்து முன்பல்லை விட்டுவிட்டு வந்தான்.
நடுவில் நின்றால், லாரி போகையில் உள்ளங்கால் அதிரும்.
எல்லாம் வந்து நின்றன, பெயரைத் தவிர.
மாப்பிள்ளை மட்டும் வராத கல்யாணம்.

நாக்கு நுனியில் நிற்கிறது என்பார்கள்.
நுனியில் நின்றால் துப்பியிருப்பேனே.
அது மாடி வீட்டில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம்.
ஆள் இருக்கிறார். கதவு எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

உத்தரவு வரும்வரை வட்டத்தை விட்டு வெளியேறாதே என்று
புறப்படும் முன் நான்தான் சொல்லியிருந்தேன்.
பெட்ரோல் நிலையம், பூக்கடை, பனிக்குவியல்,
பெட்ரோல் நிலையம்.

இரண்டாவது சுற்றில் "கதவு" வந்தது. கதவில்லை.
"ஏணி" வந்தது. படுத்துக் கிடக்கும் ஏணி!
கிட்டே வந்துவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.
பூக்கடைக்காரி வாளியைக் கீழே வைத்துவிட்டு
எங்களையே பார்த்தாள்.

மூன்றாவது சுற்று.
ஸ்டியரிங்கில் அவன் விரல்கள் வெளுத்திருந்தன.
அவன் பயந்தது எனக்காக இல்லை,
தான் எதையோ தவறவிட்டோம் என்று.
அது எனக்கு ஆறுதலாக இருந்தது.
வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

"பாலத்துப் பக்கமா?" என்றான், உதடு அசையாமல்.

"அதேதான்" என்றேன்,
ஒரு கேள்விக்குச் சரியான விடை சொல்லிவிட்டான் என்பதுபோல.

படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.
"வட்டச் சாலை: நிதானம், சிறப்பு" என்று எழுதினேன்.
பொய்யில்லை.

எனக்கு ஐம்பத்தெட்டு.
போன மாதம் சாவியைக் குளிர்பெட்டியில் கண்டெடுத்தேன், வெண்ணெய்க்குப் பக்கத்தில்.
எல்லோருக்கும் நடப்பதுதான் என்கிறாள் அலுவலகத்து மரெட்.
ஆமாம். எல்லோருக்கும் நடப்பதுதான்
முதலில் நடக்கும்.

தூக்கம் வராத இரவில் என்னையே தேர்வுக்கு உட்காரவைக்கிறேன்.
ஏழாம் வகுப்பில் சன்னலோரம் இருந்தவர்கள். வந்துவிட்டார்கள்.
முதல் காரின் எண். வந்துவிட்டது.
மழை நின்றபின் குடை விற்க வருகிறவனைப் போல
வேண்டாத நேரத்தில் எல்லாம் வருகின்றன.
பாலம், பாலம், பாலம் என்கிறேன் போர்வைக்குள்.
இனி அது போகாது. அடுத்தது எது போகும்?

பகலில் மாற்றுப்பாதை போடுகிறேன்.
"தண்ணீர் போய் சேமியா தங்குமே, அது" என்றால்
யூரி சிரித்துக்கொண்டே எடுத்துத் தருவார்.
எங்கள் வீட்டில் அது ஒரு விளையாட்டாகவே ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை
சிரிக்காமல் எடுத்துத் தந்தார்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.
சேமியா கொஞ்சம் குழைந்துவிட்டது என்று பேசிக்கொண்டோம்.

கஸ்பர் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறான் போல:
ஹெல்யு பொல்லாதவள், வாயே திறக்க மாட்டாள்,
மூன்று சுற்று விட்டுப் பார்ப்பாள்.
இப்போது ஞாயிறு மாலைகளில்
கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் அந்த ரவுண்டானாவில்
சுற்றிப் பழகுகிறார்கள். பேருந்திலிருந்து பார்த்தேன்.
சிவப்புக் கார் ஒன்று, பின்னால் ஒரு வெள்ளை,
பெட்ரோல் நிலையம், பூக்கடை,
அவசரமில்லாமல்,
நான் சொல்லும்வரை இருக்கிறோம் என்பதுபோல.