நாலரை

மாடிக்குடியிருப்புக்குப் பின்னால்
மதிலுக்கும் கானுக்கும் நடுவே பதினொரு அடி.
ஹங்வெல்லைப் பக்கம் ஏதோ மேட்டைச் சுரண்டி
டிப்பர்க்காரன் கொட்டிவிட்டுப் போன செம்மண்.
முகத்துவாரத்தில் அதற்குச் சொந்தக்காரர் இல்லை.
ஒரு புழுகூட.

கௌப்பி போட்டேன்.
முளைத்தது, நாலு இலை விட்டது,
பிறகு சம்பளம் பிந்திய மாதத்து முகமாய்
மஞ்சளித்து நின்றுவிட்டது.

"ஒரு பிடி யூரியா எறியுங்கோ மிஸ்"
என்றார் காவலாளி பியதிலக.
யூரியா விலை அவருக்கும் தெரியும்.
இருவரும் கொஞ்ச நேரம் கானைப் பார்த்தோம்.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் குடுவை கழுவுகிறவள் நான்.
பி.எச். தாள் ஒன்று இரவல் எடுத்தேன்,
திருப்பிக் கொடுக்க முடியாத இரவல்.
மண்ணைக் கலக்கி, தெளியவிட்டு, நனைத்தேன்.
நாலரை.
தயிர் நிற்கிற இடம்.
தயிர் புளித்தால் மூக்கு சொல்லும்,
மண் வாயைத் திறப்பதில்லை.
அந்தப் புளிப்பில் அலுமினியம் கரைந்து
வேர்நுனியைச் சுட்டுக்கொண்டிருக்கிறது
சத்தமில்லாமல்.

ஒரு செடியைப் பிடுங்கினேன்.
தேய்ந்த ஈர்க்குமாறு போல வேர்.
முடிச்சு ஒன்றுகூட இல்லை.
காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைதரசன்:
தலைக்குமேல் அவ்வளவு சோறு,
இறக்கிவைக்க ஆளில்லை.

இரவு பதினொன்றுக்கும்
பௌமியின் கொத்துக்கடையில் இரும்பு ஓயாது.
"கோதா? முட்டைக்கோது என்னத்துக்கு?"
"மண்ணுக்குப் புளிச்ச ஏப்பம்."
சிரித்தான். ஆனாலும் வாளியை நிரப்பினான்.
கழுவினேன், மொட்டைமாடியில் காயவைத்தேன்,
காகங்களோடு சண்டை பிடித்தேன்,
கிரைண்டர் கத்தி மழுங்கும்வரை அரைத்தேன்.
கோது அவசரப்படாத சாதி.
மழை இரண்டு தரம் வந்து போனபின்
ஐந்து.
பிறகு ஐந்தேகால்.
புதுவருசம் கழிந்து
ஐந்தே முக்கால்.

ஒரு ஞாயிறு, காக்கைத்தீவு.
வெறும் போத்தல்களுக்கும் அறுந்த வலைக்கும் இடையே
மஞ்சள் பூவோடு படர்ந்து கிடந்தது காட்டுப்பயறு,
உப்பைத் தின்று, ஒருவரையும் கேளாமல்.
மெல்ல ஒரு வேரைத் தூக்கினேன்:
கடுகும் மிளகுமாய் முடிச்சுகள்.
அதன் காலடி மணலை
சோற்றுப்பார்சல் பையொன்றில் கட்டினேன்.
ஒரு பொலிஸ்காரர் பார்த்துக்கொண்டே நின்றார்.
மண் கட்டிப் போகிற பெண்ணை
எந்தப் புத்தகத்தில் பதிவது?

விதையைக் கஞ்சியில் நனைத்து
அந்த மணலில் புரட்டி மறுபடி ஊன்றினேன்.
வேர் ஒரு வாசனை விடுமாம்.
அதைப் பிடித்து நுண்ணுயிர் வருமாம்.
வேர்மயிர் விரலை மடக்கி
உள்ளே கூட்டிப்போகுமாம்.
நான் பார்க்கவில்லை.
அந்நேரம் கொட்டாஞ்சேனைச் சந்தியில்
பஸ் மிதிபலகையில் ஒற்றைக்காலில் நின்றிருப்பேன்.

நாற்பதாம் நாள்
முடிச்சொன்றை நகத்தால் பிளந்தேன்.
இறைச்சிக்கடைச் சிவப்பல்ல,
பல் முளைக்கிற பிள்ளையின் முரசுச் சிவப்பு.
பியதிலக குனிந்து பார்த்தார்.
"லே" என்றார். அவர் மொழியில் இரத்தம்.
"கிட்டத்தட்ட அதுதான்" என்றேன்.
அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு
இன்னொரு தரம் பார்த்தார்.

காய் ஆய்ந்து முடித்த கிழமை
மற்றொரு தாள், மற்றொரு இரவல்.
ஐந்தரை.
புளிக்கவைத்தது மழை மட்டுமல்ல,
கௌப்பியும்தான்.
காற்றைச் சோறாக்கும்போதே
வேர்வழி கொஞ்சம் அமிலம் கசியவிடுகிறது.
கொடுக்கிற கையும் வியர்க்கும்போல.

கொடியை அறுத்தேன்,
வேரை உள்ளேயே விட்டேன்.
வாளியோடு பௌமி கடை வாசலில் நின்றபோது
அவன் தட்டுவதை நிறுத்தவில்லை.

"என்ன, இன்னும் ஏப்பமா?"