தடைக்காலத்தில் ஒரு வட்டுச் சோதனை

குளச்சலில் தடைக்காலம்.
விசைப்படகுகள் தோளோடு தோள் உரசி
பெயின்ட் வாசத்தில் கிடக்கின்றன.
ஐஸ் கம்பெனி ஸ்டெல்லஸுக்கு
இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது.
கைலியில் சுற்றிக் கொண்டுவந்து
என் மேசைமேல் வைத்தார் கம்ப்யூட்டரை.

"ஆன் ஆவுது, பின்ன அணையுது.
உள்ள இருக்கது ஒண்ணும் போவக்கூடாது, கேட்டியா?"

மூடியைக் கழற்றினேன்.
பதினோரு வருஷக் கடல்காற்று
விசிறி இறக்கைகளில் கறுத்துத் திரண்டிருந்தது.
ஒரு மூலையில் பல்லி முட்டை, இரண்டு.
ராமின் பற்களில் உப்புப் பாசி.
அழிரப்பர் எடுத்துத் தேய்த்தேன்.
எந்த மரத்துப் பாலோ,
குலசேகரம் பக்கமாயிருக்கலாம்,
அழிக்கவென்று பிறந்தது
ஒரு மறதியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

மெமரி டெஸ்ட்: பிழை பூஜ்யம்.
அடுத்து செக்டிஸ்க்.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து.
நூறில் பன்னிரண்டு.
நூறில் பன்னிரண்டு.
அவர் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தார்.
நூறில் பன்னிரண்டு.

"வலை மாட்டிக்கிச்சோ?"
"பாறைதான். கெட்டுப்போன செக்டார்.
குறிச்சு வச்சிரும், பின்ன அந்தப் பக்கமே போவாது."
சிரித்தார்.
"நாங்களும் பாருக்குக் கணியம் குறிப்போம் பிள்ளே,
ஆனா அங்கதான் போவோம்.
மீனு அங்கதான கெடக்கும்."

கெடந்தது.
அந்திக்குள் பெயரில்லாத துண்டுகளாக
நாற்பத்தாறு கோப்புகள் மேலே வந்தன.
ஒன்றைத் திறந்தேன், கடன் பேரேடு.
வின்சிலாஸ், ஒன்பது பார்.
குருசடியான், இருபது பார், பாதி தந்தது.
ததேயு, முப்பத்திரண்டு பார், பாக்கி.

ததேயு என் அப்பா.

ஸ்டெல்லஸ் வாசலில் நின்று
மழை பார்த்துக்கொண்டிருந்தார்.
என் சுண்டுவிரல் டெலீட்டில் இருந்தது.
நிச்சயமாக நீக்கவா? ஆம், இல்லை.
இவ்வளவு மரியாதையாக என்னிடம்
யாரும் எதையும் கேட்டதில்லை.

இல்லை.

பிறகு கோபத்தோடு
தற்காலிகக் கோப்புகளை வாரிப் பெருக்கினேன்.
மூன்று ஜிபி குப்பை.
அதில் நானூறு குட்மார்னிங் ரோஜாக்கள்.

"எவ்வளவு ஆச்சு?"
"அறுநூறு."
"தடைக்காலம் முடியட்டும், தாறேன்."
கைலியில் சுற்றித் தூக்கியவர்
திரும்பி வந்து அந்த ரப்பரையும் கேட்டார்.
கொடுத்தேன்.

அவர் வண்டிச் சத்தம் சந்தை முக்கைத் தாண்டுமுன்
ஒரு புதுக் கோப்பு திறந்து தட்டினேன்:
ஸ்டெல்லஸ், அறுநூறு, பாக்கி.
இரண்டு இடத்தில் பேக்கப் எடுத்தேன்.