முன்வரிசை

மதிய வேலைத் தடை நாலு மணிக்கு முடிகிறது.
நாலு அடித்து ஒரு நிமிடத்தில்
மனாமாவின் சதுக்கத்தில்
லாரி எங்களை இறக்கியது.

அறுநூறு நாற்காலிகள், வெள்ளை பிளாஸ்டிக்.
ஒன்றையொன்று விழுங்கி நின்றவற்றை
உருவி உருவி எடுத்தோம்.
கொதிக்கும் இட்லிப் பானையின் மூடியாய்ச் சுட்டது ஒவ்வொன்றும்.
வரிசை கோணியபோதெல்லாம்
போர்மேன் ஹம்தி அரபியில் கத்தினான்.
அதில் 'சம்பளம்' என்கிற சொல் மட்டும் எனக்குப் புரியும்.
அதற்கே வரிசை நேராகிவிடும்.

கோடை விழா. ஏழு இரவுகள். இசை, ஓவியம், கூத்து.
நுழைவு இலவசம் என்று
மூன்று மொழிகளில் தொங்கியது துணி.
நான்காவது மொழியில் நான் அதை
வீரபாகுவுக்குச் சொன்னேன்.
"ஓசின்னா கூட்டம் அம்மிரும்லே" என்றான்.

அம்மவில்லை.
எட்டு மணிக்குக் கடலிலிருந்து ஏறி வந்தது புழுக்கம்,
ஈரத் துண்டால் யாரோ வாயைப் பொத்துவது மாதிரி.
விளக்குகளைச் சுற்றி வெளிச்சம் ஊறி வழிந்தது.
பிள்ளைகளின் கன்னத்தில் ஒரு பெண் வரைந்த புலிகள்
வரைந்த வேகத்தில் கரைந்து
சட்டைக் காலர்களில் குடியேறின.

முன்வரிசையில் இருபது நாற்காலிகளில்
பெயர் எழுதிய தாள்களை ஒட்டியிருந்தோம்.
பெயர்களுக்கு உரியவர்கள் வரவில்லை.
தாள்கள் மட்டும் ஈரத்தில் சுருண்டு
காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

டிவிக்காரர்கள் வருகிறார்கள் என்றதும்
ஹம்தி எங்களை எண்ணினான்.
எண்ணுவது அவனுக்குப் பழக்கம்.
பச்சை மேல்சட்டையைக் கழற்று.
உட்கார். நீயும். நீயும்.

நாங்களே நேராக்கிய வரிசையில்
நாங்களே துடைத்த இருக்கைகளில்
விளிம்பில் மட்டும் உட்கார்ந்தோம்,
ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பருக்குக் காத்திருப்பவர்கள் போல.
"பாட்டுக் கேக்குறதுக்கு ஓவர்டைம் போடுவானா?"
காதருகே வீரபாகு.

ஊத் வாசிக்க ஒரு பெண் வந்தாள்.
ஹெஸ்ஸா என்றது ஒலிபெருக்கி.
பிளந்த பலாப்பழம் போன்ற அதை
மடியில் சாய்த்து
ஒரு நரம்பைத் தொட்டாள்.
முறுக்காணியைத் திருகினாள்.
மறுபடி அதே நரம்பு.
புழுக்கம் தளர்த்தியது, அவள் இறுக்கினாள்.
தளர்ந்தது.
இறுக்கினாள்.
அருகருகே கட்டிய இரட்டை நரம்புகள்
ஒன்றையொன்று தேடித் தேடி
நெருங்கி, உரசி, பிசகி,
கடைசியில் ஒரு கணம்
எது எதுவென்று தெரியாமல் ஒன்றாயின.

நான் கைதட்டிவிட்டேன்.
வீரபாகு தட்டினான்.
நேபாளத்து தில் பகதூர் எழுந்தே நின்று தட்டினான்.
முன்வரிசை தட்டினால்
பின்வரிசை தட்டத்தானே வேண்டும்,
சதுக்கமே தட்டியது.

ஹெஸ்ஸா நிமிர்ந்து விழித்தாள்.
பிறகு மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு
தோள் குலுங்கச் சிரித்தாள்.
அவள் சொன்னதை சுலைமான் மொழிபெயர்த்தான்:
"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையாம்.
இப்போதுதான் சுருதி சேர்த்தாளாம்."

வெட்கத்தில் பின்னால் சாய்ந்தோம்.
அப்போதுதான் தெரிந்தது,
ஆறு வருஷமாய் நான் தூக்கி அடுக்கும் நாற்காலிக்கு
ஒரு முதுகு இருப்பது.

அப்புறம் முக்கால் மணி நேரம் வாசித்தாள்.
நன்றாகத்தான் இருந்தது.
எனக்கென்னவோ
அவள் ஆரம்பிக்காத அதுதான் போதும்.

பதினொன்றரைக்கு அடுக்கினோம்.
ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
ஹம்தி மறுபடி எண்ணினான்.
ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
யார் கணக்கில் கழிப்பது என்று
முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

விளக்கணைந்த மேடைக்கு எதிரே
ஆளில்லாத சதுக்கத்தின் நடுவில்
தில் பகதூர்
கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.
கேமரா போய்
ஒரு மணி நேரமாகியிருந்தது.