ஆள் தேவை

புதுவயல் பள்ளிக்கூடத்தில்
இரவு ஏழரை மணி வகுப்பு.
பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் கொள்ளாமல்
பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் எட்டுப் பேர்.

பஸ் ஸ்டாப் சுவரிலிருந்து
பசை காயுமுன் உரித்து வந்தேன் இன்றைய பாடத்தை.
எழுத்து பெரிது, வரி குறைவு,
அதனால்தான் எடுத்தேன். வேறு யோசனை இல்லை.

"நேரில் வரவும்" என்று வாசித்த சேவுகன்
"செலவும் எங்க?" என்றார்.
சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம்.
"அனுபவம் அவசியமில்லை"யில்
அடைக்கலமேரி மூன்று இடத்தில் இடறி எழுந்து
அப்ப நானும் போகலாம் என்றாள்.

வெள்ளையம்மா விரல் வைத்துப் படிக்கிறாள்.
நகக்கண்ணில் இன்னும் தவிடு.
நெல்... காய... வைக்க...
பெண்... ஆள்... தேவை.
கூலியை மட்டும் ஒரே மூச்சில்:
நானூத்தி எண்பது.
எண்ணுக்கு அவளுக்கு வாத்தியார் வேண்டியதில்லை.

அடியில் மில்லின் பெயர்.
அதை எழுத்துக்கூட்டவில்லை.
பதினோரு வருஷமாகச்
சாக்குதோறும் பார்த்த உருவம்.

விரலை எடுத்துவிட்டு
மேலிருந்து மறுபடி படித்தாள்.
இந்த முறை எங்கும் நிற்கவில்லை.

"எனக்கு முந்நூத்தி அறுவதுதானே டீச்சர் தர்றாங்க?"

துடைத்த பலகையையே
மறுபடி துடைத்தேன்.

"புதுசா வர்றவங்களுக்கு மட்டும்னு
இதுல எங்கயாச்சும் போட்டிருக்கா?"

தேடினோம், ஒன்பது பேரும்.
எழுதாமல் விட்டதை வாசிக்க
என் கையேட்டில் பக்கம் இல்லை.

தாளை நாலாய் மடித்து
ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.
காலை ஷிப்ட் ஆறு மணிக்கு.
செருப்பை மாட்டியவள்
வாசலில் நின்று கேட்டாள்:

"தேவைக்கு
கொம்பு ஒத்தையா, ரெட்டையா?"