நாற்பத்தொன்றாவது கேள்வி

டார்ட்டுவில் பிப்ரவரி.
ஆறு உறைந்து மூன்று வாரம்.
நூலகத்தின் இரண்டாம் மாடியில் நாங்கள் ஐந்து பேர்,
ஒரு ஃபிளாஸ்க் காபி,
அறுபது கேள்விகள்.

"நூறு பேரை நினைத்துக்கொள்ளுங்கள்" என்கிறாள் ஐவே.
"சூரர்கள் வேண்டாம்.
தட்டுத் தடுமாறி
இந்த வேலைக்குப் போதுமானவர்கள்.
அவர்களில் எத்தனை பேர் இதைச் சரியாகச் சொல்வார்கள்?"

நூறு பேர் எனக்கு வரவில்லை.
ஒருத்தன்தான் வருகிறான்.
நார்வாவில் ஏதோ அடித்தளம், இரவு ஷிஃப்ட்,
கம்பளித் தொப்பியைக் கழற்றாமல்
ரஷ்ய மொழியில் யோசித்து
எஸ்தோனியத்தில் தட்டச்சு செய்கிறவன்.

பதினேழாவது கேள்வியில் இரண்டு 'அல்ல'.
கேட்பது சர்வரையா, இலக்கணத்தையா?
அவனுக்காக ஒன்றை அடித்தேன்.
உர்மாஸ் சிரித்துக்கொண்டே மற்றதையும் அடித்தார்;
விடை மாறிப்போய்
மறுபடி முதலிலிருந்து எழுதினோம்.

பிறகு நாற்பத்தொன்று.
வட்டு நிரம்பிவிட்டது.
பெரிய பதிவுக் கோப்பை அழித்தாயிற்று.
இடம் திரும்பவில்லை.
முதலில் என்ன செய்வாய்?
விடை: சர்வீஸை நிறுத்தி மறுபடி துவக்கு.

சென்ற ஆண்டின் அட்டவணை வேறு கதை சொல்கிறது.
மற்றதிலெல்லாம் தோற்றவர்கள்
இதில் சரி.
மேலே நின்றவர்கள்
வரிசையாக இதில் சறுக்கல்.

"தற்செயல்" என்றார் உர்மாஸ். கேள்வி அவருடையது.

மருத்துவமனை சர்வர்களைப் பார்க்கும் ரைலி
காலையிலிருந்து வாய் திறக்காதவள்.
"நான் நிறுத்த மாட்டேன்" என்றாள்.
"அழித்த கோப்பை
இன்னும் யார் பிடித்திருக்கிறார் என்று பார்ப்பேன்.
அந்த சர்வீஸை நம்பி மேல்மாடியில்
யார் படுத்திருக்கிறாரோ."

உர்மாஸ் கண்ணாடியைத் துடைத்தார்,
துடைக்க ஒன்றுமில்லாத பிறகும்.
பிறகு தன் கேள்வியின் மேல்
தானே கோடு போட்டார்.

அழித்தாயிற்று.
இடம் திரும்பவில்லை.
போன வருடம் எழுதியவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஒற்றை மதிப்பெண்ணில் வாசலோடு திரும்பியவர் பதினொருவர்.
"அவர்களுக்குக் கடிதம் போடலாம்" என்றாள் ஐவே.
அதே ஒற்றை மதிப்பெண்ணில் உள்ளே வந்துவிட்டவர்களுக்கு?
சான்றிதழைச் சட்டம் போட்டு
மாட்டியிருப்பார்களே.

யாரும் பேசவில்லை.
காபி தீர்ந்திருந்தது.
ரைலி ஜன்னலைக் கொஞ்சம் திறந்தாள், உடனே மூடினாள்.

"நாற்பத்திரண்டு" என்றாள் ஐவே.
"நூறு பேரை நினைத்துக்கொள்ளுங்கள்."

தொப்பிக்காரன் வினாத்தாளை
இரண்டாம் முறை வாசிக்கிறான், உதடசைத்து.
நேரம் போகிறது.
அறுபத்தைந்து என்று எழுதுகிறேன்.
அடித்து, அறுபது.